சாத்துக்குடியும் தைரியமும்

புற்றுநோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு சாத்துக்குடிப் பையும் வாயில் ஒரு வாக்கியமுமாக வருகிறார்கள். "தைரியமா இருங்க." பை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வாக்கியத்தை வைக்கத்தான் இடம் கிடைப்பதில்லை. நோயாளி தலையை ஆட்டுகிறார். அதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. "எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் வந்தவர் திண்டாடிப்போவார். ஆறரை மணி பஸ் நினைவுக்கு வரும். அல்லது மாமனார் ஊரில் இதே நோய் வந்து பிழைத்து, போன மாதம் பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரித்த ஒருவரின் கதையை எடுப்பார். கதை உண்மையாகவே இருக்கலாம். கட்டிலில் இருப்பவர் அதற்கும் தலையாட்டுவார். எல்லோரும் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வந்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவரின் மரண பயத்தைக் கையில் வாங்கி எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. மருத்துவர்களுக்கும் அண்மைக்காலம் வரை கற்றுத்தரவில்லை என்பதுதான் விசித்திரம்.

1961இல் டொனால்ட் ஓக்கன் என்ற மனநல மருத்துவர் சிகாகோவில் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையின் 219 மருத்துவர்களிடம் விசாரித்தார்: புற்றுநோய் என்று உறுதியானால் நோயாளியிடமே சொல்வீர்களா? 90 சதவீதத்தினர் சொல்லாமலிருப்பதே நல்லது என்றார்கள். கேட்டால், நோயாளியின் நம்பிக்கை போய்விடுமாம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், ஏறக்குறைய அதே கேள்வி இன்னொரு மருத்துவமனையில் கேட்கப்பட்டபோது 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். இடையில் புது மருந்துகள் வந்திருந்தன. நோயாளியின் சம்மதம் சட்டப் பிரச்சினையாகியிருந்தது. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்களுக்கும் முன்பே கேள்வி கேட்ட ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. டெரீஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணிக்கு 1952இல் மார்பகம் அகற்றப்பட்டது. இனி எப்படிக் கையைத் தூக்குவது, எந்த உள்ளாடை போடுவது, கணவர் முன்னால் எப்படி நிற்பது என்று அவர் கேட்ட எதற்கும் மருத்துவமனையில் பதில் இல்லை. குணமானதும் அதே நிலையிலிருந்த பெண்களைத் தேடி அவரே வார்டுக்குள் போக ஆரம்பித்தார். கையில் ஒரு பை. அதில் பஞ்சு வைத்த தற்காலிக மார்பகம், கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் கயிறு. மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் தொடங்கிய 'ரீச் டு ரெகவரி' என்ற உதவித் திட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. உளவியலாளர்கள் வருவதற்கு முன்பே, அதே கத்தியைப் பார்த்து வந்த ஒருத்தி இன்னொருத்தியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள்.

புற்றுநோயாளியின் மனசைக் கவனிக்கும் துறை என்று ஒன்று உருவானது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். டெக்சாஸின் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1928இல் பிறந்த ஜிம்மி ஹாலண்ட் மனநல மருத்துவரானார். கணவர் ஜேம்ஸ் ஹாலண்ட் புற்றுநோய் மருத்துவர். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். மருந்துச் சோதனைகளில் நோயாளியின் ரத்த அணுக்களை எண்ணுகிறார்கள், வாந்தியைக் குறிக்கிறார்கள், எடையைக் குறிக்கிறார்கள். அவருக்கு மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை என்பது ஜிம்மி ஹாலண்டை உறுத்தியது. 1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மனநலச் சேவையைத் தொடங்கினார். 2017இல் இறக்கும்வரை அந்த ஒரு கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் துறைக்கு சைக்கோ-ஆன்காலஜி என்ற பெயர் நிலைத்தது அவரால்தான்.

ஹாலண்டின் சாமர்த்தியம் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. 'மனநோய்', 'மனநல மருத்துவர்' என்ற சொற்களைக் கேட்டால் நோயாளிகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு பெரிய வியாதி இருக்கிறது. பைத்தியம் என்ற பட்டம் வேறு எதற்கு? அவரும் சகாக்களும் யாரையும் புண்படுத்தாத 'டிஸ்ட்ரெஸ்' என்ற பொதுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வெப்பமானியின் படம் வரைந்தார்கள். கீழே 0, மேலே 10. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனக் கஷ்டம் எந்த அளவு? வட்டம் போடுங்கள். அவ்வளவுதான். 1998இல் வெளியான அதன் முதல் ஆய்வு புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் நடந்தது. வயதான ஆண்கள், அழமாட்டார்கள், கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். எண்ணாகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். நாலு, அதற்கு மேல் என்றால் யாராவது ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இன்றைய விதி.

வெப்பமானியை விட அதோடு வரும் பட்டியல்தான் சுவாரசியம். எது உங்களை வருத்துகிறது, டிக் செய்யுங்கள் என்று ஒரு தாள். பயம், துக்கம் எல்லாம் உண்டு. அவற்றுக்குப் பக்கத்திலேயே போக்குவரத்து, வீடு, காப்பீடு, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பனவும் உண்டு. ஒன்பதில் வட்டம் போட்டவர் சாவைப் பற்றி நினைக்கிறார் என்று மருத்துவர் ஊகிப்பார். தாளைப் பார்த்தால் அவர் டிக் செய்தது போக்குவரத்தை மட்டும். திருநெல்வேலிப் பக்கமிருந்து இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை கீமோவுக்காகச் சென்னைக்கு வருகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில் சலுகைப் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்குவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பெயர் பிழையாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவது, அதுவரை மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதெல்லாம் மனப்பிரச்சினைகள்தான். அவற்றைத் தீர்த்துவைக்கிற சமூகப் பணியாளர் பாதி உளவியலாளர்.

இந்த வெப்பமானியைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 'மன உளைச்சல்' என்று எழுதலாம். ஆனால் அது செய்தித்தாளிலும் புகார் மனுவிலும் வாழ்கிற சொல். கட்டிலில் படுத்திருப்பவர் தனக்கு மன உளைச்சல் என்று சொல்வதில்லை. "மனசே சரியில்ல" என்பார். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி" என்பார். "வெறுத்துப்போச்சு" என்பார். எல்லாவற்றையும் விட அதிகமாக "ஒரு மாதிரியா இருக்கு" என்பார். அந்த 'ஒரு மாதிரி'க்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்பதுதான் ஆலோசகரின் வேலை.

இன்னும் பல பேர் உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அசதி. பொதுவாக மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர் தேடுகிற அடையாளங்களே இவைதாம். கீமோ எடுப்பவருக்கோ இவை மருந்தாலும் வரும். எது எதனால் என்று பிரிக்க முடியாமல் திணறிய மருத்துவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். 1983இல் பிரிட்டனில் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று உருவாக்கிய 14 கேள்விகளில் பசியையும் தூக்கத்தையும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜீன் எண்டிகாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறொரு யோசனை சொன்னார்: பசி, எடை, தூக்கம் பற்றிய அடையாளங்களை ஒதுக்கிவிட்டு, ஆள் ஒதுங்கிப்போகிறாரா, நல்ல செய்தி வந்தாலும் முகம் மாறவில்லையா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் மூத்த பெண்களுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரிந்திருக்கும். பேரனைக் கொண்டுபோய் மடியில் வைத்தும் தாத்தா முகத்தில் ஒன்றும் அசையவில்லை என்றால் அவர்கள் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள்.

சென்னையில் இதற்கென்று நெடுங்காலமாக உழைத்துவரும் இடம் அடையாறு புற்றுநோய் நிலையம். தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ட முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா அடுத்த ஆண்டு வந்து சேர்ந்து 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். உளவியலுக்கென்று அங்கே தனித் துறை உண்டு. அதற்கான ஆட்களைப் பயிற்றுவிக்க எம்.ஃபில். படிப்பும் நடந்திருக்கிறது. இப்படி ஒரு துறையில் ஆலோசகரின் நாள் பெரிய தத்துவ விசாரங்களோடு தொடங்குவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. பெயரே பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. ஷாக் அடிக்குமா? உடம்பு கருகிப்போகுமா? வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கணுமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் மருமகள்கள் கேட்பதாக ஒரு பேச்சு இருக்கிறது; மகன்கள் கேட்காமலே தட்டைத் தனியாக வைத்துவிடுகிறார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் ஒரு பாட்டி மாதக்கணக்கில் பேரனைத் தொடாமல் இருப்பாள்.

முடி விஷயத்தில் மட்டும் தமிழ்ச் சமூகம் தன்னையறியாமல் ஒரு உதவி செய்து வைத்திருக்கிறது. கீமோவில் முடி கொட்டிய பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரி "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்பாள். "பழனிக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். பாஸ்டனிலோ பாரிஸிலோ மொட்டைத் தலைக்கு இவ்வளவு கௌரவமான சாக்கு கிடைக்காது.

இனி அந்தத் தைரியத்துக்கு வருவோம்.

"கவலைப்பட்டுக் கவலைப்பட்டே இதை வரவழைச்சுக்கிட்டா" என்று ஊரில் சொல்வார்கள். எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பூட்டுகிறவர்களுக்குத்தான் கட்டி வரும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. மேலைநாட்டு உளவியலிலேயே ஒரு காலத்தில் அது வெகு மரியாதையோடு உலவியது. கோபத்தை அடக்குகிறவர், காதலில் தோற்றவர், தன்னை வெளிப்படுத்தாதவர் என்று ஒரு 'புற்றுநோய் ஆளுமை'யை வரைந்தார்கள். எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய 'நோய் என்னும் உருவகம்' இந்தப் பேச்சின் மேல் விழுந்த அடி. நோயாளியின் மனசைக் காரணமாக்கும் ஒவ்வொரு விளக்கமும் பழியை அவர் மேலேயே தூக்கிப்போடுகிறது என்று வாதிட்டார். எழுதிய நேரத்தில் அவரே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுபக்கம், அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து ஸ்டீவன் கிரீர் குழுவின் ஆய்வு வந்தது. தொடக்க நிலை மார்பகப் புற்று வந்த 69 பெண்கள். 'போராட்டக் குணம்' காட்டியவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல நிலையில் அதிகம் இருந்தார்கள் என்றது அது. நோயே இல்லை என்று மறுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு நன்றாக இருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. உலகம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டது. 'போராடு', 'வெல்', 'விட்டுக்கொடுக்காதே' என்ற சொற்கள் மருத்துவமனைச் சுவரொட்டிகளுக்கு வந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், மேகி வாட்சன் குழு 578 பெண்களை வைத்து மீண்டும் பார்த்தது. போராட்டக் குணத்துக்கும் உயிர்பிழைப்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. முழுக்கக் கைவிட்டுப்போன மனநிலைக்கோ ஓரளவு தொடர்பு தெரிந்தது. இந்த இரண்டாம் ஆய்வுக்குச் சுவரொட்டி கிடையாது.

நோய் திரும்பி வந்தவரை இந்தச் சொற்கள் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 'போதுமான அளவு தைரியமாக இல்லையோ?' என்று அவர் தன்னையே குடைந்துகொள்வார். ஹாலண்ட் தன் புத்தகத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கி, அதை நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை என்று அழைத்தார். அழுதால் கட்டி வளரும் என்று பயந்து அழாமல் இருந்தவர்களை அவர் அறிவார்.

இந்த இடத்தில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவரின் கதை வருகிறது. இந்தத் துறையின் மிக நல்ல கதையும் மிகச் சங்கடமான கதையும் அதுதான்.

1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மூத்த மனநல மருத்துவர் இர்வின் யாலமும் இளைஞர் ஸ்பீகலும் ஒரு குழு நடத்தினார்கள். மார்பகப் புற்று உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட பெண்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், ஓராண்டு. சாவை எதிர்பார்த்திருப்பவர்களை வட்டமாக உட்கார வைத்தால், முதல் நாற்காலி காலியாகும்போது மற்றவர்கள் நொறுங்கிப்போவார்கள் என்று பலர் எச்சரித்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் செய்தன. மிச்சமிருந்தவர்கள் அழுதார்கள். போனவளைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். தான் போன பிறகும் இதே அறையில் தன்னைப் பற்றி இப்படிப் பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோனது. 'சாவு' என்ற ஒற்றைப் பூதத்தை அவர்கள் துண்டு துண்டாக்கினார்கள்: வலி வந்தால் என்ன செய்வது, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தால் என்ன செய்வது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது. ஒவ்வொரு துண்டுக்கும் ஏதாவது செய்ய முடிந்தது. வலிக்கு சுய ஹிப்னாஸிஸ் கற்றுக்கொண்டார்கள். கணவனிடம் எப்படிப் பேசுவது, மருத்துவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். "தைரியமா இரு" என்று சொல்ல அங்கே ஆளில்லை. எல்லோரும் பயந்தவர்கள்.

குழுவில் இருந்தவர்களுக்கு மனக் கலக்கமும் வலியும் குறைந்தன. அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மனசால் புற்றுநோயைக் குணமாக்கலாம், வெள்ளை அணுக்கள் கட்டியைத் தின்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றெல்லாம் அக்காலத்தில் சிலர் பிரச்சாரம் செய்துவந்தது ஸ்பீகலுக்கு எரிச்சலாக இருந்தது. தன் பழைய கணக்கை எடுத்து, குழுவில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஒரே அளவுதான் வாழ்ந்தார்கள் என்று காட்டி அவர்கள் வாயை அடைக்க நினைத்தார். கணக்கு வேறு மாதிரி வந்தது. மொத்தம் 86 பெண்கள். குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்திருந்தார்கள். இல்லாதவர்கள் 18.9 மாதங்கள். 1989இல் லான்செட் இதழில் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மறுக்கக் கிளம்பியவரே சாட்சியாகிவிட்டார்.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். கனடாவில் பமீலா குட்வின் குழு 235 பெண்களோடு செய்த பெரிய சோதனை 2001இல் வந்தது. குழுவில் இருந்தவர்கள் 17.9 மாதங்கள், இல்லாதவர்கள் 17.6 மாதங்கள். வேறுபாடு இல்லை. 2007இல் ஸ்பீகலே 125 பெண்களோடு திரும்பச் செய்து, தன் பழைய முடிவு மொத்தத்தில் மீண்டும் கிடைக்கவில்லை என்று வெளியிட்டார். தன் புகழுக்குக் காரணமான எண்ணைத் தானே பலவீனப்படுத்துகிற காரியம் எல்லோராலும் ஆகக்கூடியதல்ல.

ஆனால் குட்வினின் ஆய்விலும் ஒன்று நிலைத்து நின்றது. மனசு நொந்து வந்தவர்களுக்குக் குழு உதவியது. வலியைத் தாங்குவதும் எளிதானது. ஏற்கெனவே ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. இது போதாதா? மார்ஃபின் ஆயுளைக் கூட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வலி குறைந்தால் போதும் என்கிறார்கள். மனசுக்குச் செய்யும் சிகிச்சையிடம் மட்டும், நீ எத்தனை மாதம் கூடுதலாக வாங்கித் தருவாய் என்று கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை என்பதும் நல்ல செய்திதான். 1983இல் அமெரிக்காவின் மூன்று புற்றுநோய் மையங்களில் 215 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 47 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் ஏதாவது இருந்தது. அதிலும் பெரும்பகுதி, வந்த நிலைமைக்கு மனசு பழகிக்கொள்ளத் திணறுவதுதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வழியில், சொந்தங்களை வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு, கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் கடும் மனச்சோர்வில் விழுந்தவர்களுக்கு என்ன செய்வது? 2014இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பதில் எளிமையானது. 500 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குப் பயிற்சி பெற்ற புற்றுநோய்ச் செவிலியர்கள் சில மாதங்கள் தொடர்ந்து உட்கார்ந்து, நாளில் ஒரு சின்ன வேலையாவது செய்ய வைத்து, ஒரு பிரச்சினையை எடுத்து அதற்கு வழி தேட வைத்தார்கள். பின்னாலிருந்து மனநல மருத்துவர் மேற்பார்த்தார். 24 வாரங்களில் முதல் பிரிவில் 17 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு பாதியாகக் குறைந்தது. செவிலியர் பிரிவில் 62 சதவீதம். அதே குழுவின் இன்னொரு ஆய்வு, அங்கே மனச்சோர்வுள்ள புற்றுநோயாளிகளில் 73 சதவீதத்தினருக்கு உரிய சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் உள்ள நாட்டின் நிலைமை இது. ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்று எண்ணவே தயங்க வேண்டிய நம் வார்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இங்கே ஆலோசகருக்குக் கிடைக்கும் முதல் ஆள் பெரும்பாலும் நோயாளி அல்ல. கையில் ஃபைலோடு அறைக்கு வெளியே காத்திருந்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு முன்னால் ஓடிவருகிற மகன். "சார், அவருக்கு எதுவும் தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். சொல்லிராதீங்க." வாசலில் ஆளுயர எழுத்தில் புற்றுநோய் மருத்துவமனை என்று பலகை இருக்கிறது. அதைக் கடந்துதான் அப்பா உள்ளே வந்திருக்கிறார்.

இந்தக் கூட்டு மறைப்பைப் பற்றி பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சந்தோஷ் சதுர்வேதி போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. மான்செஸ்டரில் பீட்டர் மகுவயர் என்ற மனநல மருத்துவர் 1980களிலேயே இதைக் கையாளும் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். அது ஏறக்குறைய ஒரு வீட்டுப் பஞ்சாயத்தின் நுணுக்கம் கொண்டது. மகனோடு வாதாடக் கூடாது. சட்டம் பேசக் கூடாது. ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா தாங்கமாட்டார் என்பார். அதில் இருக்கும் பாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து, "இதை மறைச்சு வச்சிட்டு இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். மாதக்கணக்கில் அவரை யாரும் கேட்காத கேள்வி அது. பலர் அழுவது அங்கேதான். பிறகு, அப்பாவுக்கு ஏதாவது சந்தேகம் வந்திருக்கிற மாதிரி தெரிகிறதா என்று கேட்க வேண்டும். கடைசியில் ஒரே ஓர் அனுமதி: அப்பாவிடம் பேசுகிறேன், அவர் கேட்காத எதையும் சொல்லமாட்டேன், அவருக்கு என்ன தெரியும் என்று மட்டும் பார்க்கிறேன்.

உள்ளே போனால் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. "எனக்குத் தெரியாமலா? அவன் பாவம், ராத்திரி மாடியில போய் உக்காந்து அழறான். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிராதீங்க" என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அப்பாவுக்காக மகனும் மகனுக்காக அப்பாவும் ஒரே வீட்டில், ஒரே டிவியின் முன்னால், தனித்தனியாக நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லா நோயாளியிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதும் சரியாகாது. "எல்லாத்தையும் பையன்கிட்ட சொல்லிருங்க, எனக்கு வேணாம்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதுவும் அவருடைய தீர்மானம்தான். அதை மதிப்பதே முறை. கோளாறு எங்கே என்றால், அந்தத் தீர்மானத்தை எடுக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்பதில்லை. பெண்களிடம் கேட்பது இன்னும் குறைவு. அவள் மார்பிலோ கருப்பை வாயிலோ இருக்கும் நோய் முதலில் கணவனுக்கு, பிறகு அவன் அண்ணனுக்கு, பிறகு மாமியாருக்கு என்று சுற்றிவந்து கடைசியாக அவளிடம் வருகிறது. வரும்போது, மகளுக்கு வரன் அமைகிறவரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்ற கட்டளையையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கீமோ நாளன்று தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறும் பெண்ணுக்கு ஆதரவுக் குழு எங்கே அமைப்பது?

யாரும் கேட்காத கேள்விகள் வாழ்வின் கடைசிக் கட்டத்திலும் உண்டு. கனடாவின் வின்னிபெக்கில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் இறுதிக்கட்ட நோயாளிகளோடு வேலை செய்தவர். வாழ வேண்டும் என்ற அவர்களின் ஆசை ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதைக் கவனித்து எழுதியவர். அவர் உருவாக்கிய 'கண்ணியச் சிகிச்சை'யில் நோயைப் பற்றியே பேச்சு எடுப்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுக் கேட்பார்கள்: உங்கள் வாழ்க்கையில் எந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது? எதைச் செய்ததில் பெருமை? உங்களைப் பற்றி வீட்டில் யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதைச் சில நாட்களுக்குள் தட்டச்சு செய்து, முன்னும் பின்னுமாகச் சொன்னதைக் கோத்து, யாரையாவது காலமெல்லாம் காயப்படுத்தக்கூடிய வார்த்தை இருந்தால் அவரிடமே கேட்டுச் சரிசெய்து, நோயாளி விரும்புகிறவரிடம் கொடுப்பார்கள். 2005இல் வந்த முதல் ஆய்வில் 100 பேரில் 91 பேர் திருப்தி என்றார்கள். 2011இல் மூன்று நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மனக் கஷ்டத்தை அளக்கும் எண்கள் பெரிதாக அசையவில்லை. ஆனாலும் செய்துகொண்டவர்கள் இது உதவியது என்று மற்றப் பிரிவினரைவிட அதிகமாகச் சொன்னார்கள்.

ஒப்படைப்பதற்கு முன்னால் அந்தப் பிரதியை நோயாளிக்கு முழுக்கப் படித்துக் காட்டுவார்கள். இங்கே ஒரு விவசாயியிடம் எந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது என்று கேட்டால் கிணறு வெட்டின வருஷத்தைப் பற்றிச் சொல்லக்கூடும். எத்தனை அடியில் பாறை வந்தது, வெடி வைத்தது யார், தண்ணீர் பார்த்த அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று. சில நாள் கழித்துத் திரும்ப வரும் ஆலோசகப் பெண் தாளை எடுத்துப் படிக்கிறாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வருகிறவர் கையைத் தூக்கி நிறுத்துகிறார்.

"அந்த வருஷம் இல்லம்மா. அதுக்கு முந்தின வருஷம். பெரியவ அப்பத்தான் பொறந்திருந்தா. மாத்திரு."